கண்ணாடி வீட்டுக்குப் போன பஸ்ஸை நிறுத்தியவர்களுக்கு

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

மார்கழிக் கூட்டத்தின் முடிவில் செயலாளர் ஒரு அறிவித்தல் வாசித்தார். தை மாதத்தில் ரொறன்ரோவின் அலன் கார்டன்ஸ் பூங்காவில், வெப்ப நாட்டுச் செடிகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குப் போகும் பயணம் "ஆர்வம் குறைவு காரணமாக" இனி இல்லை. அதற்கு ஒதுக்கிய பணத்தில் நயாகராவுக்குக் கசினோ பயணம் ஒழுங்கு செய்யப்படும். நான் கை உயர்த்திக் கேட்டேன். "பிறகு பாப்பம் அக்கா" என்றீர்கள். அடுத்த கிழமை கடிதம் எழுதிச் செயலாளரின் கையிலேயே கொடுத்தேன். பதில் இல்லை. ஆகவே எல்லாரும் வாசிக்கக்கூடிய விதத்தில் எழுதுகிறேன்.

கழகத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது எங்கள் வீட்டுச் சண்டையாக முடிந்துவிடும். ஸ்காபரோவில் தமிழ் முதியோருக்காக இயங்கும் வேறு கழகங்களிலும் குளிர்காலப் பயணம் என்றால் கசினோ என்று ஆகிவருவதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் அந்த "ஆர்வம் குறைவு". இம்முறை யாரிடம் கேட்டீர்கள்? முன்பெல்லாம் கார்த்திகைக் கூட்டத்திலேயே பெயர் எழுதும் தாள் மேசைக்கு மேசை வரும். இந்த வருடம் தாளே வரவில்லை. தாள் வராமல் பெயர் எங்கிருந்து வரும்? கசினோவுக்கு நிறையப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றீர்கள். கொடுத்திருப்பார்கள். அவர்கள் கூட்டத்தில் உரத்துக் கதைக்கிறவர்கள். கண்ணாடி வீட்டுக்கு வருகிறவர்கள் பின்வரிசைக் கதிரையில் இருந்து, வடையும் தேத்தண்ணியும் முடிந்ததும், மகனோ மருமகளோ கூட்டிப்போக வரும்வரை கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறவர்கள். தங்கள் பென்சன் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதே அவர்களில் சிலருக்குத் தெரியாது. அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் எதை வைத்துக் கசினோவுக்குப் பெயர் கொடுப்பது?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கோபிக்க வேண்டாம், கோபித்தாலும் பரவாயில்லை. உங்களில் பாதிப்பேர் தை பிறந்தால் ஊரில் நிற்பீர்கள். பொங்கலுக்குப் போய், சிவராத்திரியையும் முடித்து, இங்கே பனி கரையத் தொடங்கும் நேரம் பார்த்துத் திரும்புவீர்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. உழைத்த காசு, போகக்கூடியவர்கள் போகட்டும். ஆனால் முற்றத்துச் செவ்வரத்தைக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "அங்க இப்ப எத்தனை பாகை?" என்று போன் எடுத்துக் கேட்கிறவர்கள்தான், இங்கே கண்ணாடி வீடு யாருக்கும் தேவையில்லை என்று தீர்மானித்திருக்கிறீர்கள்.

போக முடியாதவர்கள் கழகத்தில் இருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்கிறவர் எப்படி யாழ்ப்பாணம் போவார்? இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் பயணக் காப்புறுதிக்கு விலை கேட்டுவிட்டு வாயடைத்துப்போய் வருகிறார்கள். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் காணி உள்ள ஒருவருக்கு உறுதி கையில் இருக்கிறது, காணிக்குள் கால் வைக்க இராணுவம் இன்னும் விடவில்லை. வேறு சிலருக்குப் போக மனம் இல்லை. ஏன் என்று அவர்களிடம் நாங்கள் கேட்பதில்லை. இவர்களுக்காகத்தான் அந்தப் பஸ் போனது.

ரொறன்ரோவில் மார்கழிக் கடைசியில் பகல் என்பது ஒன்பது மணித்தியாலத்துக்கும் கொஞ்சம் குறைவு. பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் போய்விடும். தை மாதம் பகல் அதைவிடக் கொஞ்சம்தான் நீளம், குளிரோ கூட. நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். ஒருமுறை விழுந்து இடுப்பு முறிந்தால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எங்கள் அங்கத்தவர் பட்டியலில் கோடு விழுந்த பெயர்களைப் பார்த்தாலே தெரியும். ஆகவே பிள்ளைகள் வெளியே விடுவதில்லை. பேஸ்மென்ட்டில் இருப்பவர்களுக்கு உள்ள ஒரேயொரு சின்ன யன்னலையும் பனி மூடிவிடும். தொலைக்காட்சியில் தொடர் நாடகம், பிறகு மருந்து, பிறகு நித்திரை. அதுவும் பாதி இரவோடு சரி.

"அங்க அப்பிடி என்ன கிடக்கு?" என்று குழுவில் புதிதாக வந்த இருவர் கேட்டதாக அறிந்தேன். அவர்கள் போனதில்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நகரத்தின் மத்தியில் ஜார்விஸ், ஷேர்போர்ன், கார்ல்ரன், ஜெராட் வீதிகளுக்கு நடுவில் உள்ள பூங்கா அது. அதற்குள் 1910இல் கட்டிய கண்ணாடிக் குவிமாடம் இருக்கிறது. அப்போது நகரத்தின் கட்டடக் கலைஞராக இருந்த ரொபர்ட் மக்கலம் வரைந்தது. அதோடு ஒட்டிப் பல கண்ணாடி அறைகள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 16,000 சதுர அடி. வருடம் முழுவதும் பகலில் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் ஒரு சதமும் இல்லை.

உள்ளே கால் வைத்ததும் எல்லாருடைய மூக்குக்கண்ணாடியிலும் நீராவி படிந்துவிடும். ஒருவருக்கும் கண் தெரியாது. முன்னால் போனவர் நின்றுவிட, பின்னால் வருகிறவர் தள்ளுவார். துடைத்துக்கொண்டு நிற்கும்போதே மணம் வந்துவிடும். நனைந்த மண், அழுகும் இலை, எங்கோ பூத்திருக்கிற ஏதோ ஒன்று. பிறகு கோட்டுகள் ஒவ்வொன்றாகக் கழரும். தொப்பி, சால்வை, கையுறை. வீட்டு ஹீட்டரில் காய்ந்து வெடித்த உதடும் கையும் கொஞ்ச நேரத்தில் இளகும். வைத்தியம் கதைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியூடாக வரும் வெயிலில் விட்டமின் டி கிடைக்காது, அதற்கான சூரியக் கதிர்களைக் கண்ணாடி மறித்துவிடும். குளிசையை யாரும் விட வேண்டாம். நான் சொல்வது வேறு. ஈரமும் சூடும் சேர்ந்த காற்றைச் சுவாசித்துப் பல மாதம் ஆன ஒருவர், அதை ஒருதரம் உள்ளே இழுக்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று நீங்கள் நின்று பார்க்க வேண்டும்.

குவிமாடத்துக்குக் கீழே தென்னை, பனை இனத்து மரங்களும் வாழையும் கொடிகளும். வாழையடியில் எப்போதும் ஒரு வழக்கு நடக்கும். வாழைக்குப் பேர்போன நீர்வேலியில் பிறந்த ஐயா ஒருவர் மடலைத் தடவிப் பார்த்து, இது கதலியும் இல்லை, கப்பலும் இல்லை, இதரையும் இல்லை என்று தீர்ப்புச் சொல்வார். புன்னாலைக்கட்டுவனில் தோட்டம் செய்தவர் அதை ஏற்கமாட்டார். இரண்டு பேரும் கழகக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கதைத்து நான் கண்டதில்லை. அங்கே வேலைசெய்யும் ஒரு பிள்ளையிடம் நீர்வேலி ஐயா கையால் காட்டி, இத்தனை குட்டியை விட்டால் தாய்வாழை எடுபடாது, இதையும் இதையும் வெட்டு என்று விளங்கப்படுத்தினார். ஆங்கிலம் அவருக்கு வராது. அவளுக்கு முழுக்க விளங்கியது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த அறைகளில் ஓர்கிட், அன்னாசி இனச் செடிகள், இஞ்சிக் குடும்பத்துப் பூக்கள். எந்த மாதம் போனாலும் பூத்துக்கொண்டே இருக்கும் செவ்வரத்தை. பிலிப்பைன்ஸ் காட்டிலிருந்து வந்த ஒரு கொடி உண்டு. நேரம் பார்த்துப் போனால் அது மயில் கழுத்து நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அந்த நிறத்தில் பூ இருக்கும் என்று நம்பாதவர்கள் காகிதமோ என்று தொட்டுப் பார்ப்பார்கள். ஆமைகள் இருக்கும் சின்னக் குளம் ஒன்று. குளிர்ந்த அறையில் தோடை, எலுமிச்சை இனங்கள், மல்லிகை.

எங்கள் ஆட்கள் சிரிக்கிற இடம் வரண்ட நிலச் செடிகளின் அறைதான். கற்றாழையும் கள்ளியும் முள்ளுமாக நிற்கும். மன்னாரில் பிறந்த அக்கா ஒருவர் நாகதாளியைக் கண்டுவிட்டு, "இதையுமே ஹீட்டர் போட்டு வளர்க்கினம்!" என்று வாயில் கைவைத்தார். பிறகு அந்தக் கரையோரத்து வெயிலைப் பற்றியும், காலில் ஏறிய முள்ளைப் பற்றியும், நாகதாளிப் பழம் தின்று நாக்குச் சிவந்ததைப் பற்றியும் பஸ் ஏறும்வரை கதைத்துக்கொண்டே வந்தார். அவருடைய மகள் பிறகு என்னைத் தொலைபேசியில் எடுத்து, "அம்மா வீட்டில இவ்வளவு கதைச்சு நாங்கள் காணேல்லை, அங்க என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

சரி, இனி நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

"ஊரில் வேலியில் நின்ற செடிகளைப் பார்க்க இவ்வளவு தூரமா?" என்றார் பொருளாளர். அந்தக் கணக்கே பாதி பிழை. நாகதாளி, பப்பாசி, கொய்யா, மரமுந்திரிகை, போகன்வில்லா எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்து எங்கள் வேலியில் ஏறியவை. அங்கே எங்கள் வீட்டுச் செடியும் உண்டு, எங்கள் பூட்டனும் கண்டிராத செடியும் உண்டு. கணக்கின் மற்றப் பாதிக்கு என்னிடம் ஒரு பதில்தான். உங்களுக்கு அவை வேலிச் செடிகள், ஏனென்றால் உங்களுக்கு இன்னும் வேலி இருக்கிறது.

அடுத்தது, பூப் பறித்த கதை. முன்னொரு பயணத்தில் எங்கள் அம்மா ஒருவர் சாமிக்கு வைக்க என்று செவ்வரத்தையைப் பறித்துக் கைப்பைக்குள் போட்டார். இன்னொருவர் குறோட்டனில் நட ஒரு தடி முறித்தார். பராமரிப்பாளர் வந்து கண்டித்தார். உங்கள் குழுவில் ஒருவர் "மானம் போச்சு" என்று இன்றைக்கும் அதைச் சொல்கிறார். பறித்தது பிழை, முறித்தது அதைவிடப் பிழை. ஆனால் அதற்கு மருந்து பஸ்ஸுக்குள் ஒலிவாங்கியைப் பிடித்து இரண்டு நிமிடம் விளங்கப்படுத்துவது. போன கசினோப் பயணத்தில் ஒருவர் கையில் இருந்த பென்சன் முழுவதையும் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் மருந்து எடுக்கப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் கடன் கேட்டாரே. அதற்குப் பிறகும் கசினோப் பயணம் நிற்கவில்லை. கழகத்தின் மானம் எதில் போகிறது என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

பென்சன் என்றதும் ஒன்று. முதியோர் பென்சன் மாதத்தின் கடைசி நாட்களில் வரும். கசினோப் பயணமோ எப்போதும் அதற்கு அடுத்த கிழமை. தற்செயல் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், நம்பமாட்டேன்.

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் நோகச் செய்தது. "அந்த இடம் சரியில்லை, போதைக்காரரும் கூடாரக்காரரும் நிற்கிற இடம்." 2022இல் அந்தப் பூங்காவில் நிறையக் கூடாரங்கள் இருந்தன, செய்திகளிலும் வந்தது. வீடில்லாதவர்கள் இப்போதும் அந்தப் பக்கம் இருப்பார்கள். இருட்டிய பிறகு தனியாகப் போ என்றால் நானும் யோசிப்பேன். ஆனால் நாங்கள் போவது பகல் பதினொரு மணிக்கு, பஸ்ஸில், கூட்டமாக. இத்தனை தரம் போய் யாரும் எங்களை ஒரு சொல் சொன்னதில்லை. ஒருமுறை வாக்கர் சக்கரம் பனிக்குள் புதைந்தபோது வந்து தூக்கிவிட்டவர் அந்தக் கூடாரங்களில் ஒன்றில் இருந்தவர்தான்.

அந்த இடம் சரியில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். எண்பதுகளின் கடைசியில் வந்த எத்தனை குடும்பங்கள் வெல்லெஸ்லி - பார்லிமென்ட் பக்கத்து சென் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடிகளில் இருந்தோம்? அலன் கார்டன்ஸ் அங்கிருந்து நடக்கிற தூரம். அப்போதும் மற்றவர்கள் அந்த இடத்தைச் சரியில்லாத இடம் என்றுதான் சொன்னார்கள். ஒரு அறைக்குள் ஏழெட்டுப் பேர். என் மனுசன் இரவு வேலை முடித்துப் பகலில் படுப்பார். பிள்ளை அழுதால் அவருடைய நித்திரை போய்விடும், வேலையும் போய்விடும். பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நான் போய் இருந்த இடம் அந்தக் கண்ணாடி வீடு. காசு கேட்கமாட்டார்கள், ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள், சூடாக இருக்கும். இப்போது குழுவில் இருக்கிற இரண்டு பேரை அந்த நாளில் அதே வாங்கில்களில் கண்டிருக்கிறேன். பெயர் சொல்லவில்லை.

நான்காவது, "விருப்பமானவர்கள் தாங்களாகவே போகலாம்தானே". கார் ஓடுகிறவர்கள் மட்டும் சொல்லக்கூடிய வசனம் இது. 2023 யூலையில் ஸ்காபரோ ரயில் தடம் புரண்ட நாளிலிருந்து அந்தத் தண்டவாளம் நிரந்தரமாக நின்றுபோனது. அதில் போனவர்கள் பஸ் எடுத்துக் கென்னடி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சப்வேயில் ஷேர்போர்ன் நிலையம் வரை போய், அங்கே இறங்கி மறுபடி தெற்கே போகும் பஸ் எடுக்க வேண்டும். கால் நல்லாக இருக்கிறவருக்கு அது பெரிய காரியம் இல்லை. சறுக்கும் நிறுத்தத்தில் வாக்கரோடு நிற்கிற எண்பது வயதுக்காரருக்குச் செய்துகாட்டச் சொல்லுங்கள். கழகம் பஸ் பிடிப்பது இதற்காகத்தான். தாங்களாகவே போகக்கூடியவர்களுக்குக் கழகமே தேவையில்லை.

செலவு என்றும் ஒரு சொல் வந்தது. அதை நீட்ட விரும்பவில்லை. உள்ளே போக இலவசம், பஸ் வாடகை மட்டும்தான், சோற்றுப் பார்சலை ஆளுக்காள் வீட்டிலிருந்து கொண்டுவருகிறோம். கசினோவுக்குப் போனால் பஸ் செலவில் ஒரு பங்கு திரும்பி வரும் என்று பொருளாளர் சொன்னார். ஏன் திருப்பித் தருகிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்தக் கண்ணாடி வீடு யாரால் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசாங்கம் அல்ல, எங்களைப் போல ஒரு கழகம். 1858இல் ஜோர்ஜ் வில்லியம் அலன் என்பவர் தன் காணியில் ஐந்து ஏக்கரை ரொறன்ரோவின் தோட்டக்கலைக் கழகத்துக்குக் கொடுத்தார். அதற்கு மூன்று வருடம் முன்பு அவர் இந்த நகரத்தின் மேயராக இருந்தவர். 1860இல் தோட்டம் திறந்தார்கள். 1879இல் பெரிய மண்டபம் ஒன்று கட்டினார்கள். நடத்த முடியாமல் போனபோது, 1888இல் தோட்டம் நகரசபையின் கைக்கு மாறியது. 1902இல் மண்டபம் எரிந்தது. அந்த இடத்தில்தான் இப்போதுள்ள கண்ணாடிக் குவிமாடம் எழுந்தது. அன்றைக்கு அந்தக் கழகத்தின் நிர்வாகக் குழு, "ஆர்வம் குறைவு, காணியைக் கட்டடக்காரருக்கு விற்போம்" என்று தீர்மானித்திருந்தால், சென் ஜேம்ஸ் ரவுனில் இருந்து பிள்ளையோடு நடந்துவந்த எனக்குக் கதவு திறந்திருக்காது.

பயணத்தை நடத்திய விதத்திலும் குறை இருந்தது, அதையும் உங்கள் முன் வைக்கிறேன். நீங்கள் பிடித்தது மஞ்சள் நிறப் பாடசாலை பஸ். அதன் முதற்படியில் கால் வைக்க முழங்கால் நோவுள்ளவர்களால் முடிவதில்லை. இரண்டு பேர் கைபிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது. சிலர் அந்தப் படிக்குப் பயந்தே பெயர் கொடுக்காமல் விட்டார்கள். அதையும் ஆர்வக் குறைவு என்று எழுதிவைத்திருப்பீர்கள். பிறகு, எல்லாரையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டீர்கள். பாதைகள் சில இடத்தில் ஒடுக்கம், இரண்டு வாக்கர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். சனிக்கிழமை போனபோது கலியாணப் படம் எடுக்க வந்தவர்களும் சேர்ந்து, எங்கள் ஆட்கள் வாசலிலேயே தேங்கி நின்றார்கள். நின்று களைத்தவர்கள் வீட்டுக்குப் போய் "ஒண்டும் பாக்கேல்லை" என்று சொன்னதில் அதிசயம் இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

மார்கழிக் கூட்டத்தில் வாசித்த முடிவை நிறுத்திவையுங்கள். பெயர்த் தாளை அடுத்த கூட்டத்தில் மேசைக்கு மேசை அனுப்புங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்களைத் தொலைபேசியில் எடுத்துக் கேளுங்கள். அந்த வேலையை நானும் இன்னும் மூன்று அங்கத்தவர்களும் செய்துதருகிறோம், எங்களுக்கு அங்கத்தவர் பட்டியல் மட்டும் வேண்டும். பெயர் போதாமல் போனால் அப்போது "ஆர்வம் குறைவு" என்று எழுதுங்கள். நான் வாய் திறக்கமாட்டேன்.

பெயர் வந்தால் மாசி மாதத்துக்குள் பயணம் வையுங்கள். கிழமை நாளில், பதினொரு மணிக்கு அங்கே இறங்கும்படி. தாழ்ந்த படியுள்ள, சக்கர நாற்காலி ஏறக்கூடிய பஸ் பிடியுங்கள். அதற்குக் கூடுதல் செலவு வந்தால் ஆளுக்குச் சிறு தொகை அறவிடுங்கள், இல்லாதவர்களுக்குக் கழகம் கொடுக்கட்டும். உள்ளே இரண்டு பகுதியாக விடுங்கள். நாங்கள் வருவதை அங்குள்ளவர்களுக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். பூவிலும் இலையிலும் கைவைக்கக் கூடாது என்று பஸ்ஸில் சொல்லும் பொறுப்பை என்னிடம் தாருங்கள்.

கசினோவுக்குப் போக விரும்புகிறவர்கள் போகட்டும், வளர்ந்தவர்கள். ஆனால் கழகத்தின் குளிர்காலப் பயண நிதியிலிருந்து அதற்கு ஒரு டொலரும் எடுக்க வேண்டாம். கழகத்தின் பெயரில் அதை அறிவிக்கவும் வேண்டாம். இதைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக வைத்து வாக்கெடுங்கள். கடந்த இரண்டு கசினோப் பயணங்களின் வரவு செலவையும், திரும்பி வந்த அந்தப் பங்கு எவ்வளவு, எந்தக் கணக்கில் போனது என்பதையும் அன்றைக்கு வாசியுங்கள்.

பொதுக்கூட்டம் மாசி முதலாம் கிழமை என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குப் பத்து நாள் முன்பாவது இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஊரில் நிற்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
கழக அங்கத்தவர் ஒருவர்,
ஸ்காபரோ